வெயிலில் கிடந்த கார், மழையில் கிடந்த கார்

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னரைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காரை நம்மூர் காயலான் கடைக்காரர் பார்த்தால் எடை போட்டு விலை சொல்லிவிடுவார். டயர் நான்கிலும் காற்றில்லை. பானெட்டில் பெயிண்ட் உதிர்ந்து செம்மண் நிறம். டாஷ்போர்டு வறண்ட ஏரி மாதிரி வெடித்துக் கிடக்கிறது. சீட்டுக்கு அடியில் எலிக்கூடு. இதை ஒருவர் காசு கொடுத்து வாங்கி, கலிபோர்னியாவிலிருந்து கப்பலேற்றி வரவழைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கார் பிறந்ததே இந்தத் துறைமுகத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஆபிங்டன் என்ற சிற்றூரில்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கா போன பிள்ளை பிறந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறது.

கார் எம்ஜிபி. 1962-இல் தொடங்கி 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போனவை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்குத்தான் உருக்கு என்று அரசு கறாராக இருந்தது. அப்போது உண்டான வழக்கம் பின்னாலும் நீடித்தது. மேற்கூரை இல்லாத இரண்டு இருக்கைக் காருக்கு மழை கொட்டும் மான்செஸ்டரைவிட லாஸ் ஏஞ்சல்ஸ்தானே நல்ல சந்தை? ட்ரையம்ஃப் டிஆர்6 இன்னும் ஒரு படி மேல். 90 ஆயிரத்துக்கும் அதிகமாகத் தயாரான அந்தக் காரில் பிரிட்டனிலேயே விற்றவை 8 ஆயிரத்துச் சொச்சம்தான். ஆக, இன்றைக்கு ஒரு பிரிட்டிஷ்காரர் தன் நாட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தேடினால், அது பெரும்பாலும் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அங்கே தேடிப் போவதற்கு எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. இன்னொரு காரணம் உப்பு.

இரும்பு, ஈரம், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. அடிப்படையில் அது ஒரு மின்வேதி வினை. உப்பு கரைந்த நீரில் மின்னோட்டம் தாராளமாகப் பாயும் என்பதால் வினையும் வேகமெடுக்கும். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் சக்கரத்தில் பட்டுத் தெறித்து, காரின் அடிப்பகுதியில் இருக்கும் பெட்டி வடிவப் பகுதிகளுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. வெளியே வர வழியில்லை. உள்ளிருந்தே தின்னத் தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் இரண்டு தகடுகள் சேரும் விளிம்பைப் பிளந்துகொண்டு புடைக்கும். கதவோரத்தில் பெயிண்ட் கொப்புளம் போல எழுந்தால், உள்ளே வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே துருவை இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். பூத்த துரு, அரித்த துரு. அரிசோனா பாலைவனத்தில் முப்பது வருஷம் நின்ற காரின் கூரை முழுக்கச் செக்கச்செவேல் என்று இருக்கலாம். கம்பித் தூரிகையால் தேய்த்தால் அடியில் முழு இரும்பு இருக்கும். அது பூத்த துரு. ஈரம் இல்லாததால் மேலே பூத்ததோடு நின்றுவிட்டது. பர்மிங்ஹாமில் வீட்டு வாசலில் பளபளவென்று நிற்கும் காரின் அடியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் அது உள்ளே போகலாம். அது அரித்த துரு. புதிதாக வாங்க வருபவர்கள் முதலாவதைப் பார்த்துப் பயந்து இரண்டாவதை வாங்குகிறார்கள். பெயிண்டுக்கு ஏமாறுவது மனித சுபாவம் போலிருக்கிறது.

“அமெரிக்கக் கார்” என்று விளம்பரத்தில் போட்டால் மட்டும் நம்பிவிடக் கூடாது. மிஷிகனிலும் நியூயார்க்கிலும் சாலைக்கு உப்புப் போடுகிறார்கள். கலிபோர்னியாவிலேயே சான்பிரான்சிஸ்கோ பக்கம் கடல்மூட்டம் உண்டு. எந்த மாநிலத்தில், எந்த ஊரில் குளிர்காலம் கழித்தது என்று கேட்க வேண்டும். நம்பர் பிளேட்டே பாதி பதில் சொல்லிவிடும். 1970-களின் கலிபோர்னியா பிளேட் நீல நிறம், மஞ்சள் எழுத்து. அதன் மூலையில் வருஷா வருஷம் ஒட்டும் ஸ்டிக்கர், வண்டி கடைசியாக எப்போது சாலையில் ஓடியது என்று காட்டும்.

இனி எங்கே பார்ப்பது? எம்ஜிபிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது; உடலே சட்டம். ஒரு தீப்பெட்டியின் மேலுறையைக் கழற்றிவிட்டு உள்ளிருக்கும் தட்டை மட்டும் முறுக்கிப் பாருங்கள், எவ்வளவு சுலபமாகக் கோணுகிறது. கூரையில்லாத காரும் அப்படித்தான். அதன் பலமெல்லாம் கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் என்ற பெட்டியில் இருக்கிறது. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு எனப் பல அடுக்கு. இதில் அரிப்பு வந்தால் கார் நடுவில் தொய்யும். கதவு இடுக்கு மேல்புறம் குறுகும். கதவுக்குப் பின்னால் ஜாக்கி கொடுத்துத் தூக்கும்போது ஒருவர் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடுக்கு அசைந்தாலோ கதவு திறக்க மறுத்தாலோ, விலையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பட்டி பார்த்து மறைத்திருக்கிறார்களா என்று தெரிய, மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும். பட்டியில் காந்தம் ஒட்டாது. இன்னும் மோசமான ஏமாற்று ஒன்று உண்டு: அரித்த சில்லை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தகடு போர்த்தி வெல்டிங் வைத்துவிடுவார்கள். புண்ணைக் கழுவாமல் பிளாஸ்திரி ஒட்டுகிற வேலை. வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதிது. தரைவிரிப்பைத் தூக்கி உட்பக்கம் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

பல ட்ரையம்ஃப் கார்களுக்குத் தனி சேஸிஸ் உண்டு. டிஆர்6-இல் பின்சக்கரங்களைத் தாங்கும் பகுதிதான் முதலில் போகும். முன்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காரணம், அந்த என்ஜின் ஒழுகவிட்ட ஆயில் இத்தனை வருஷமாக அதற்கு எண்ணெய்க் குளியல் செய்துவைத்திருக்கிறது. ட்ரையம்ஃப் நமக்கு முற்றிலும் அந்நியமில்லை. சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறப்பு. அதே ஹெரால்டின் சட்டத்தைச் சுருக்கி மாற்றித்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும் ஹெரால்டின் அந்த முழு பானெட் ஞாபகமிருப்பவர்களுக்கு ஸ்பிட்ஃபயரைத் திறந்தால் பழகிய முகமாகத் தெரியும்.

இரும்பைக் காப்பாற்றிய வெயில் மற்றதையெல்லாம் தின்றிருக்கும். ரப்பர் என்ற பெயரில் எது இருந்தாலும் தூள்: பிரேக் ஹோஸ், கதவு பீடிங், என்ஜின் மவுண்டிங். ஒயரிங்கை எலி கடித்திருக்கும். இதெல்லாம் சில்லறை; எம்ஜிபிக்கு இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா உதிரிபாகமும் புதிதாகக் கிடைக்கிறது. என்ஜின் இறுகிப்போயிருந்தாலும் பயமில்லை. ஸ்பார்க் பிளக் துளை வழியாக எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவைத்தால் பல என்ஜின்கள் அசைந்து கொடுக்கும். கொடுக்காவிட்டாலும் அந்த 1,798 சிசி வார்ப்பிரும்பு என்ஜினைப் பிரித்துப் போடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. “என்ஜின் சூப்பர், பாடியில் கொஞ்சம் வேலை இருக்கு” என்று விற்பவர் சொன்னால் என்னுடைய ஆர்வம் அங்கேயே வடிந்துவிடும். மாற்றிச் சொன்னால் காது கொடுப்பேன்.

அமெரிக்காவுக்கென்றே செய்த மாற்றங்களையும் கணக்கில் வைக்க வேண்டும். அங்கிருந்த பாதுகாப்பு விதிகளுக்காக 1974-இன் பிற்பகுதியில் எம்ஜிபிக்குப் பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. காரின் உயரத்தையும் ஓர் அங்குலத்துக்கு மேல் கூட்டினார்கள். வளைவில் திரும்பும் சுகம் அத்தோடு கொஞ்சம் போனது. புகை விதிகளுக்காக இரட்டை கார்புரேட்டர் போய் ஒற்றை வந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம். அதை வலப்பக்கம் மாற்ற எம்ஜிபியில் பாகங்கள் கிடைக்கின்றன. மாற்றாமல் ஓட்டினாலும் பிரிட்டனில் சட்டப்படி குற்றமில்லை. அந்த ரப்பர் பம்பரும் கூடிய உயரமும் இல்லாததால்தான் முந்தைய குரோம் பம்பர் காலத்துக் காருக்கு விலை கூடுதல்.

தகடு சரி என்றால் அடுத்தது தாள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் வாகனத்துக்கு டைட்டில் என்ற உரிமைச் சான்று தருகிறது, நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி. அமெரிக்கச் சுங்கத்துறையிடம் அதன் மூலப்பிரதியைக் கப்பலேற்றுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்னால் காட்டியாக வேண்டும். “டைட்டில் தொலைந்துவிட்டது, ரசீது எழுதித் தருகிறேன்” என்கிற காரைத் தொடாமல் இருப்பது நல்லது. டைட்டிலில் உள்ள எண்ணும் காரில் பொறித்த எண்ணும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்திடம் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் எந்தத் தேதியில் கட்டினார்கள், என்ன நிறம், என்ஜின் எண் என்ன, எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்று சான்றிதழ் தருவார்கள். சிவப்புக் காரைப் பெருமையாக வாங்கியவருக்கு, அது பிறக்கும்போது பழுப்பு என்று தெரிய வருவது சகஜம்.

ஓடாத காரை, நேரே ஓட்டிக் கப்பலில் ஏற்றும் முறையில் அனுப்புவது சிரமம். பெரும்பாலும் கண்டெய்னர்தான், மற்றவர்களின் கார்களோடு பங்கு போட்டுக்கொண்டால் செலவு குறையும்.

வரியில்தான் பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. காரின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து 10,000 பவுண்டு என்று வைப்போம். சாதாரணப் பழைய கார் என்றால் சுங்கவரி 10 சதவீதம், 1,000 பவுண்டு. அதையும் சேர்த்த 11,000-க்கு வாட் 20 சதவீதம், 2,200. மொத்தம் 3,200 பவுண்டு. ஆனால் 30 வயதைத் தாண்டி, அந்த மாடல் உற்பத்தி நின்றுபோய், சேஸிஸ், என்ஜின் போன்றவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் பிறந்த நிலையிலேயே இருந்தால், வரலாற்று மதிப்புள்ள பொருளாகக் கருதுகிறார்கள். சுங்கம் கிடையாது, வாட் 5 சதவீதம், 500 பவுண்டோடு முடிந்தது. முன்னாள் சொந்தக்காரர் ஆசைப்பட்டு வேறு பெரிய என்ஜினை மாட்டியிருந்தால் இந்தச் சலுகை கைநழுவிவிடலாம். துரு தடையில்லை, கைவேலைதான் தடை.

கார் வந்து 14 நாளுக்குள் வரித்துறையிடம் தெரிவிக்க வேண்டும். அது முடிந்தால்தான் பதிவு. காரின் வயதுக்கேற்ற எண்ணும் கிடைக்கும். ஹெட்லைட் மறக்காமல் மாற்ற வேண்டிய பொருள்: அமெரிக்க விளக்கு டிப் செய்தால் வலப்பக்கம் சாயும், இங்கிலாந்தில் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காருக்குச் சாலை வரியும் இல்லை, வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை.

லாபம் வருமா? எம்ஜிபியில் வராது. நன்றாகச் சீரமைத்த திறந்த எம்ஜிபி பெரும்பாலும் 20,000 பவுண்டுக்குள்தான் விலை போகிறது. டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் கூலிக்கு ஆள்வைத்துச் செய்தால் செலவு அதைத் தாண்டிவிடும். 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப்பின் கணக்கு வேறு. விலை பல மடங்கு என்பதால் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைப்பைக் கொட்டினாலும் சிலருக்குக் கட்டுப்படியாகிறது. எம்ஜிபியை எடுப்பவர் வெல்டிங் கற்றுக்கொள்ளும் ஆசையில்தான் எடுக்க வேண்டும்.

அந்த ஆசை இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, 1988-இல் எம்ஜிபியின் முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. இன்று அதன் விலை 10,000 பவுண்டுக்கு மேல். அந்த முயற்சியிலிருந்தே 1990-களில் எம்ஜி ஆர்வி8 என்ற கார் பிறந்து, சுமார் 2,000 மட்டும் தயாராகி, பெரும்பகுதி ஜப்பான் போனது. ஜப்பானிலும் ஸ்டியரிங் வலப்பக்கம். இப்போது அவையும் ஒவ்வொன்றாக இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. கை பரபரக்கும், உடனே கழற்றத் தோன்றும். சில்லை வெட்டும்போது கதவுகள் மாட்டியபடியே இருக்க வேண்டும், அல்லது கதவு இடைவெளியில் இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் வைத்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது. வெட்டினால் கார் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். அதன் பிறகு எந்தக் கதவும் சேராது. கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்களின் கார்கள்தான் சில வருஷம் கழித்து “பாதி முடிந்த வேலை, எல்லாப் பாகமும் பெட்டியில் இருக்கிறது” என்ற விளம்பரமாக வெளியே வருகின்றன. அப்படிப்பட்டதை வாங்கப் போனால் என்ஜினை விட்டுவிட்டு, கண்ணாடிச் சட்டமும் மடக்கும் துணிக்கூரையின் கம்பிகளும் இருக்கின்றனவா என்று முதலில் பெட்டிகளைக் கொட்டிப் பாருங்கள்.