பயண ஸ்ட்ரோலர்: எடை குறையும்போது கூடவே என்ன குறைகிறது?

கைக்குழந்தையோடு ஊருக்குப் போக ஒரு சின்ன ஸ்ட்ரோலர் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், எல்லா விளம்பரமும் ஒரே எண்ணைத்தான் முன்னால் நீட்டும்: எடை. 7 கிலோ, 6 கிலோ, 4.3 கிலோ... எது குறைவோ அது நல்லது என்று நாமும் எடுத்துக்கொள்வோம். ஆனால் ஸ்ட்ரோலரின் எடை நம் கைக்குத் தெரிவது சக்கரம் உருளாத நேரத்தில் மட்டும்தான். உருளும்போது தெரிவது சக்கரத்தின் அளவு. குழந்தை தூங்கும்போது தெரிவது இருக்கை எவ்வளவு சாய்கிறது என்பது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடுபவை. இந்தக் குறிப்பு அந்தச் சண்டையைப் பற்றியது.

விமானச் சக்கரத்திலிருந்து வந்த யோசனை

குடை மாதிரி மடங்கும் ஸ்ட்ரோலரைக் கண்டுபிடித்தவர் ஓவன் மெக்லாரன் என்கிற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் லேண்டிங் கியர் வடிவமைப்பில் வேலை செய்தவர். வெளிநாட்டிலிருந்து பேரக்குழந்தையோடு வந்த மகள் கனமான பிராமை வைத்துக்கொண்டு திண்டாடியதைப் பார்த்துதான் இதில் இறங்கினார் என்று சொல்வார்கள். 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967-ல் உற்பத்தி தொடங்கியது. அலுமினியக் குழாய்ச் சட்டம், எடை 3 கிலோவுக்கும் கீழே.

லேண்டிங் கியருக்கும் ஸ்ட்ரோலருக்கும் வேலை ஒன்றுதான், யோசிச்சுப் பாருங்க. தரையில் இருக்கும்போது மொத்தப் பாரத்தையும் தாங்கணும். வேண்டாத நேரத்தில் சின்ன இடத்துக்குள் மடங்கிப் போயிடணும். மடங்கும் மூட்டு எதுவும் தானாகத் திறந்துகொள்ளக் கூடாது. இன்றைக்குக் கடையில் இருக்கும் எல்லா பயண ஸ்ட்ரோலரும் இந்த மூன்று நிபந்தனைகளுக்கு இடையில் செய்துகொண்ட ஏதோ ஒரு சமரசம்தான்.

முதலில் எண்ண வேண்டியது: எத்தனை தடவை தூக்குவோம்?

என் தங்கை 8 மாதக் குழந்தையோடு சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்திலும், அங்கிருந்து ஆக்ராவுக்கு ரயிலிலும் போக வேண்டியிருந்தது. "அண்ணா, இருக்கறதுலயே லைட்டா ஒண்ணு பார்த்துச் சொல்லு" என்றாள். நான் மாடல்களைப் பார்ப்பதற்கு முன் பயணத்தை ஒரு தாளில் எழுதினேன். வீட்டு மாடிப்படி, டாக்ஸி டிக்கியில் ஏற்ற, இறக்க, பாதுகாப்புச் சோதனையில் எக்ஸ்ரே பெல்ட்டில் வைக்க, விமான வாசலில் மடக்கிக் கொடுக்க, டெல்லியில் மறுபடி டாக்ஸி, ரயில் பெட்டிப் படியில் ஏற, இறங்க. போகும்போது மட்டும் பத்துக்குக் கிட்ட வந்தது.

இந்தப் பத்து தடவையும் ஒரு கையில் குழந்தை இருக்கும். அதனால் 5 கிலோவா 6 கிலோவா என்பதைவிட, ஒரே கையால் மடக்க முடியுமா, மடக்கினதும் தானாகப் பூட்டிக்கொள்ளுமா, தோளில் மாட்ட பட்டை இருக்கா என்பதுதான் பெரிய கேள்வி. இரண்டு கையும் குனிந்த முதுகும் கேட்கிற 5 கிலோ வண்டியைவிட, ஒரு கையில் மடங்கித் தோளில் தொங்கும் 6.5 கிலோ வண்டி உண்மையில் லைட்டு.

'கேபின் சைஸ்' என்ற சொல்லை நம்பலாமா?

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பேபிஸென் யோயோ-2 மடக்கினால் 52 × 44 × 18 செ.மீ. எடை சுமார் 6.2 கிலோ. பலரும் 'கேபின் சைஸ்' என்று சொன்னதும் நினைப்பது இந்த வகையைத்தான்.

இண்டிகோவின் கைப்பை அளவு 55 × 35 × 25 செ.மீ. கன அளவைப் பெருக்கிப் பார்த்தால் ஸ்ட்ரோலர் சுமார் 41,000 கன செ.மீ., பை அளவு சுமார் 48,000. இடம் மிச்சம்! ஆனால் 44 செ.மீ. பக்கம் 35-க்குள் நுழையாது. ஏர் இந்தியாவின் 55 × 40 × 20-க்குள்ளும் நுழையாது. அதே வண்டியை சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு எடுத்துப் போங்க: அங்கே மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 115 செ.மீ.க்குள் இருக்கணும் என்பதுதான் விதி. 52 + 44 + 18 = 114. உள்ளே போயிடும்.

வண்டி மாறவில்லை, விதிதான் மாறியது. ஆகவே 'கேபின் சைஸ்' என்பது ஸ்ட்ரோலரின் குணம் இல்லை. ஸ்ட்ரோலரும் விமான நிறுவனமும் சேர்ந்த ஜோடியின் குணம். பயணச்சீட்டு போட்ட நிறுவனத்தின் தளத்தில் மூன்று பக்கங்களையும் தனித்தனியாக ஒப்பிடுங்க. இந்த அளவுகள் அவ்வப்போது மாறும் என்பதால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று. கைக்குழந்தையோடு போகிறவர்களின் ஸ்ட்ரோலரைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் தனிக் கட்டணம் இல்லாமல் சரக்குப் பகுதியில் ஏற்றிக்கொள்ளும். பல இடங்களில் விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுக்கலாம். அப்படியிருக்க, கேபினுக்குள் கொண்டு போயே ஆகணும் என்ற கட்டாயம் எத்தனை பேருக்கு உண்டு? இறங்கினதும் திரும்ப எங்கே தருவார்கள், வாசலிலா பெல்ட்டிலா என்று மட்டும் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்க. பெல்ட்டில்தான் என்றால் அதுவரை குழந்தை நம் தோளில்தான். சரக்குப் பகுதியில் போகும் வண்டிக்கு ஒரு உறை இருந்தால் கைப்பிடியும் சக்கரமும் அடிபடாமல் வரும்.

சின்னச் சக்கரமும் 2 செ.மீ. மேடும்

பிஇ முதலாம் ஆண்டில் படித்த மெக்கானிக்ஸ் இங்கே உதவுகிறது. சக்கரத்தின் ஆரம் r, எதிரில் இருக்கும் மேட்டின் உயரம் h என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஏற அச்சில் கொடுக்க வேண்டிய கிடைமட்ட விசை, அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தைப் போல √(2rh − h²) ÷ (r − h) மடங்கு.

10 கிலோ குழந்தை, 6 கிலோ வண்டி, மொத்தம் 16. முன் சக்கரங்களில் பாதி, அதாவது 8 கிலோ இறங்குவதாக எடுத்துக்கொள்வோம்.

– 2 செ.மீ. மேடு: 14 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு சுமார் 7.8 கிலோ விசை. 28 செ.மீ. சக்கரத்துக்கு 4.8 கிலோ.
– 3 செ.மீ. மேடு: சின்னச் சக்கரத்துக்கு 11.5 கிலோ. பெரியதற்கு 6.3 கிலோ.

ஒரு செ.மீ. உயரம் கூடினதும் சின்னச் சக்கரத்துக்கு விசை எப்படி எகிறுகிறது பாருங்க. நாம் தள்ளுவதோ அச்சில் இல்லை, ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் கைப்பிடியில். கீழே சக்கரம் மாட்டி நிற்க, மேலே கை தள்ள, வண்டி முன்னால் கவிழப் பார்க்கும். குழந்தையின் பெல்ட் போடவில்லை என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு வேகமாகத் தள்ளுவது இல்லை. கைப்பிடியைக் கீழே அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கி வைக்கணும், அல்லது வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுக்கணும். விமான நிலையம், மெட்ரோ ஸ்டேஷன், மால் மட்டும்தான் என்றால் சின்னச் சக்கரம் போதும். நம்ம ஊர் நடைபாதை, கோயில் வெளிப்பிரகாரம், செங்கல் பாவிய தெரு என்றால் ஒரு கிலோ கூடினாலும் பரவாயில்லை, சக்கரம் பெரிதாகவும் ஸ்பிரிங் உள்ளதாகவும் இருக்கட்டும்.

கைப்பிடியில் தொங்கும் பை

லைட்டான வண்டியில்தான் இந்த ஆபத்து அதிகம். 5 கிலோ ஸ்ட்ரோலரின் எடைமையம் பின் அச்சுக்கு 25 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 × 25 = 125. 9 கிலோ குழந்தை 20 செ.மீ. முன்னால்: 180. கைப்பிடி பின் அச்சுக்கு 20 செ.மீ. பின்னால், அதில் 7 கிலோ பை: 140. குழந்தை இருக்கும்வரை 305-க்கு எதிரே 140. வண்டி நிற்கும். குழந்தையைத் தூக்கின நொடியில் 125-க்கு எதிரே 140. வண்டி மல்லாக்க விழும். எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், தத்துவம் மாறாது. பையைக் கீழ்க்கூடையில் வைங்க. குழந்தையைத் தூக்குவதற்கு முன் கைப்பிடியைக் காலி பண்ணுங்க.

வயசும் தூக்கமும்

2014-ல் உலகிலேயே மிகச் சிறிதாக மடங்கும் ஸ்ட்ரோலர் என்று கின்னஸில் இடம்பிடித்தது ஜிபி பாக்கிட். மடக்கினால் 35 × 30 × 18 செ.மீ., எடை 4.3 கிலோ. மேலே சொன்ன எல்லா விமான அளவுக்குள்ளும் போயிடும். அற்புதமான பொறியியல். ஆனால் அந்த முதல் மாடலின் இருக்கை சாயாது. 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத்தான். குறைந்த கிலோக்கள் எங்கிருந்து போயின என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இது வசதி பற்றிய விஷயம் மட்டும் இல்லை. கழுத்து நிற்காத குழந்தை நிமிர்ந்த இருக்கையில் தூங்கினால் தலை முன்னால் கவிழ்ந்து, தாடை நெஞ்சில் அழுந்தி, மூச்சுப்பாதை சுருங்கலாம். ஸ்ட்ரோலர், கார் சீட் போன்ற உட்காரும் சாதனங்களை வழக்கமான தூக்கத்துக்குப் பயன்படுத்த வேண்டாம், முக்கியமாக 4 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அகாடமியின் அறிவுரை. தூங்கிவிட்டால், முடிந்த சீக்கிரத்தில் சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வைக்கணும். ஐரோப்பியத் தரமான இ.என். 1888, சாய்வு 150 பாகையைத் தொடாத இருக்கையை 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஏற்றதாகக் கருதுவதில்லை. பிறந்த குழந்தைக்கு என்றால் முழுக்கப் படுக்கும் இருக்கை, அல்லது தொட்டில் போன்ற தனிப்பகுதி மாட்டும் மாடல். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பயணத்துக்கு ஸ்ட்ரோலரே வேண்டாம்; கையும் மடியும் போதும்.

வெயிலுக்காகத் துப்பட்டாவைப் போட்டு வண்டியை முழுக்க மூடுவதும் வேண்டாம். காற்று நின்று உள்ளே சூடு ஏறும், குழந்தையின் முகமும் நமக்குத் தெரியாது. பெரிய கூரை உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்க.

விரல்

2009 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் மெக்லாரன் ஸ்ட்ரோலர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. விரித்து மடக்கும்போது கீலில் சிக்கி 12 குழந்தைகளின் விரல்நுனி துண்டானதாகப் புகார்கள் வந்திருந்தன. நிறுவனம் கீல்களுக்கு மூடி அனுப்பியது. குடை மடிப்பைக் கண்டுபிடித்தவரின் பெயரைத் தாங்கிய வண்டியிலேயே இப்படி. மடங்கும் இடம் என்று இருந்தால் அங்கே கத்திரி இருக்கிறது. கீல் மூடியிருக்கா என்று பாருங்க. எந்த மாடலானாலும் குழந்தையை இன்னொருவர் தள்ளி வைத்திருக்கும்போது மட்டும் விரிக்கணும், மடக்கணும்.

கடையில் என்ன செய்யலாம்?

ஷோரூம் தரை பளபளப்பான டைல்ஸ். அங்கே எல்லா வண்டியும் வழுக்கிக்கொண்டு போகும். 10 கிலோ அரிசிப் பை ஒன்றை வாங்கிப் போய் இருக்கையில் வைத்து பெல்ட் போடுங்க. கடை வாசற்படியில் ஏற்றி இறக்குங்க. அதே பையை இடது கையில் அணைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் மடக்கிப் பாருங்க. ஐந்து முனை பெல்ட்டா, பிரேக் ஒரே மிதியில் பின் சக்கரம் இரண்டையும் பூட்டுதா, லேபிளில் தாங்கும் எடை எவ்வளவு என்று பாருங்க. இ.என். 1888-ன் முதல் பகுதி 15 கிலோ வரை, இரண்டாம் பகுதி 22 கிலோ வரையிலான குழந்தைகளுக்கு. ஒரு வருஷத்துக்கா மூணு வருஷத்துக்கா என்பதை அது தீர்மானிக்கும்.

கடைசியாக என் வரிசை இது: குழந்தையின் வயசுக்கு ஏற்ற சாய்வு, ஒரு கை மடிப்பு, போகும் தரைக்கு ஏற்ற சக்கரம், விமான அளவு, அப்புறம்தான் எடை. முதல் நான்கிலும் தேறிய மாடல்களை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் எது லைட்டோ அதை வாங்குங்க. எடையை முதலில் வைத்து வடிகட்டினால், குழந்தைக்கு வேண்டியது முதல் சுற்றிலேயே கழிந்து போயிருக்கும்.