விளிம்பில் இருக்கும் பெயர்

கடலூர் ஓ.டி.யிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் உள்ள வெள்ளிக்கடை, பழைய பாத்திரக்கடைகளில் நான் அடிக்கடி ஏறி இறங்குவது போர்க்காலப் பதக்கங்களுக்காக. வாங்குவது குறைவு. பார்ப்பதும் படம் எடுப்பதும் எழுதி வைப்பதும்தான் அதிகம். இதைத் தெரிந்துகொண்டவர்கள் வீட்டுப் பதக்கத்தைக் காட்டி முதலில் கேட்பது, "இது என்ன விலை போகும் சார்?" என்பதுதான். நான் சொல்வது ஒன்றே: விலையை விடுங்க, முதல்ல விளிம்பைப் படிங்க.

முகப்பில் இருக்கும் அரசர் தலையை எல்லாரும் பார்க்கிறார்கள். அது லட்சக்கணக்கான பதக்கங்களில் ஒரே மாதிரி இருப்பது. நாணயத்தின் ஓரம் போல இருக்கும் சுற்று விளிம்பில்தான் அந்த ஒரு மனிதரின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் குத்தப்பட்டிருக்கும்.

எந்தப் போர், என்ன பதக்கம் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முதல் உலகப்போர் என்றால் பெரும்பாலும் இரண்டு சேர்ந்து வரும். ஒன்று வெள்ளி. 36 மில்லிமீட்டர் விட்டம். பின்புறம் குதிரை மேல் ஆடையில்லாத ஒரு வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். இதுதான் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். இன்னொன்று மஞ்சள் நிற வெண்கலம். சிறகு விரித்த பெண் உருவம், வானவில் நிற ரிப்பன். இது வெற்றிப் பதக்கம். நட்சத்திர வடிவில் 1914-15 என்று போட்டிருந்தால் அவர் போரின் தொடக்கத்திலேயே களத்துக்குப் போனவர். அதில் பெயர் பின்பக்கம் இருக்கும்.

போர்ப் பதக்கம் வெள்ளியாக இல்லாமல் செம்பு நிறத்தில் இருந்தால் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளியில் சுமார் 65 லட்சம் அடித்தார்கள், வெண்கலத்தில் சுமார் 1,10,000தான். மூட்டை தூக்கியவருக்கு மட்டமான உலோகம் என்று அன்று நினைத்தார்கள். இன்று அதுதான் அரிது.

இரண்டாம் உலகப்போரில் ஆறு முனை நட்சத்திரங்கள்: பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று களத்தின் பெயரிலேயே இருக்கும். இந்திய வரைபடம் பொறித்த 1939-45 பதக்கம் இந்தியப் படையினருக்கு மட்டுமே உரியது. பிரிட்டன் தன் வீரர்களுக்குக் கொடுத்த இரண்டாம் போர்ப் பதக்கங்களில் பெயர் கிடையாது. இந்தியருக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்தவை உண்டு. அதனால் நம்ம ஊர்ப் பதக்கம் ஒரு விதத்தில் லண்டன் பதக்கத்தைவிட அதிகம் பேசும்.

பெயரைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. எழுதியவர் ஆங்கிலக் குமாஸ்தா. காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். 'சாமி'க்கு நடுவில் ஒரு டபிள்யூ வரும். முனுசாமியும் கோவிந்தனும் படைக்குப் படை இருப்பார்கள். ஒரே எண்கூட வேறு படையில் வேறு ஆளுக்கு இருக்கும். பெயர், எண், படைப்பிரிவு மூன்றும் பொருந்தினால்தான் அவர் இன்னார் என்று சொல்லலாம். 63 என்ற எண்ணும் பாளையங்கோட்டையின் பழைய ஆங்கில வடிவமும் இருந்தால் 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. அந்தப் படை 1914 நவம்பரில் இன்றைய தான்சானியாவில் உள்ள டாங்கா துறைமுகத்தில் இறங்கிச் சண்டையிட்டது. விக்டோரியா ராணி பெயரோடு சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்றிருந்தால் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைப் படை. அதன் ஆட்கள் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக் வரை போனார்கள்.

இந்தப் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்? ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச்சின்னம் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அதில் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்க்கு, இந்தப் படையில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். பிரான்சில் நவ் ஷபெல் நினைவுச்சின்னத்தில் இந்தியர் பெயர்கள் இருக்கின்றன, பஸ்ராவில் இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. கல்லில் ஏறாத பெயர் உலோகத்தில் ஏறி, நம்ம ஊர் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. சில குடும்பங்களுக்கு அந்தப் பெயர் அரசாங்க எழுத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுதான்.

வெள்ளிக்கடைத் தராசுக்கு இது தெரியாது. அதற்கு அது முப்பது கிராம் சொச்சம் வெள்ளி. 1980 வாக்கில் உலகச் சந்தையில் வெள்ளி விலை எகிறியபோது ஏராளமான போர்ப் பதக்கங்கள் உருக்குப் பட்டறைக்குப் போனதாகச் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும்.

போலி பார்க்க மூன்று சோதனை. காந்தம் ஒட்டினால் அது வெள்ளியும் இல்லை, வெண்கலமும் இல்லை. அச்சு வார்த்து எடுத்த நகலில் உருவங்கள் தேய்ந்த சோப்பு போல மழுங்கி, குழிகுழியாக இருக்கும். பழைய பெயரை அரத்தால் ராவிப் புதுப் பெயர் குத்தியிருந்தால் விட்டம் 36 மில்லிமீட்டருக்குக் குறையும். நகைக்கடை காலிப்பரில் அளந்தால் தெரிந்துவிடும்.

கையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம். புளி, விபூதி, சபீனா எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் அழிவது எழுத்துதான். ஜோடியைப் பிரித்து விற்காதீர்கள். முதல் போர்ப் பதக்கங்கள் நூறு ஆண்டைக் கடந்தவை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பார்சல் போடச் சொல்லும் ஆளிடம் கவனமாக இருங்கள்.

விற்றே ஆகணும் என்ற நிலை சில வீடுகளில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் விற்கும் முன் ஒரு லென்ஸை வைத்து, பதக்கத்தை மெல்லச் சுற்றி, விளிம்பில் இருப்பதை எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே தாத்தாவின் ஊரையும் அவர் அப்பா பெயரையும் எழுதுங்கள். அந்த இரண்டும் எந்தப் பதக்கத்திலும் இருக்காது.