எந்த டிஸ்க்கில் எதை வைப்பது?

ஒரே தரவுத்தளத்தைப் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் திறந்து வேலை பார்க்கும் ஏற்பாடு, ஆரக்கிளின் ‘ரேக்’. 2001இல் 9ஐ பதிப்போடு வந்தது. ஒரு சர்வர் படுத்துவிட்டால் மற்றது தாங்கிக்கொள்ளும். ஆனால் எல்லாச் சர்வர்களும் பொதுவான டிஸ்க்குகளையே நம்பியிருக்கின்றன. அங்கே கோட்டை விட்டால் எத்தனை சர்வர் வாங்கியும் பயனில்லை.

வடிவமைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது ரீடூ லாக். நாம் பணம் அனுப்பும்போது, அந்த மாற்றம் இந்த லாக்கில் எழுதப்படும் வரை கமிட், அதாவது மாற்றத்தை உறுதிசெய்வது, முடிவடையாது. தரவுக் கோப்புகளில் எழுதுவது பிறகு சாவகாசமாக நடக்கும். ஆகவே வேகமான டிஸ்க்கை இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். பல டிஸ்க்குகளில் தரவோடு பாரிட்டியையும் பரப்பி வைக்கும் ரெய்டு 5இல் சின்ன எழுத்து ஒன்றுக்கு இரண்டு வாசிப்பு, இரண்டு எழுத்து என நான்கு வேலைகள் ஆகும் என்பதால், லாக்கை அங்கே வைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு சர்வருக்கும் தனி லாக் உண்டு. ஆனாலும் அது பொது டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். சர்வர் விழுந்தால், பிழைத்திருக்கும் சர்வர் அதைப் படித்துத்தான் மீட்பை முடிக்கும்.

டிஸ்க்குகளைக் குழுக்களாகத் திரட்டி, தரவைப் பரப்பி வைப்பது 10ஜி பதிப்பில் வந்த ஏஎஸ்எம். வழக்கமாகத் தரவுக்கு ஒரு குழு, ரீடூ லாக்கின் நகலான ஆர்க்கைவ் லாக்குக்கும் பேக்கப்புக்கும் இன்னொன்று. இரண்டாவது குழு நிரம்பி வழிந்தால் பழைய லாக்கை நகலெடுக்க இடமிருக்காது. தரவுத்தளம் மாற்றங்களை ஏற்காமல் நின்றுவிடும். அங்கே இடத்தில் கஞ்சத்தனம் கூடாது.

இரட்டைப் பிரதி கேட்டால் ஏஎஸ்எம் அவற்றை வெவ்வேறு ‘ஃபெயிலியர் குரூப்’களில் வைக்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு டிஸ்க்கையும் தனிக் குரூப்பாகவே அது எடுத்துக்கொள்ளும். அப்போது இரு பிரதிகளும் ஒரே அலமாரியின் இரண்டு டிஸ்க்குகளில் போய் உட்காரலாம். அந்த அலமாரிக்கு மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். எந்த டிஸ்க்குகள் ஒன்றாக விழக்கூடும் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. கன்ட்ரோலர், கேபிள், மின்இணைப்பு எல்லாவற்றையும் பார்த்து நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

சர்வர்களின் கூட்டமான கிளஸ்டரில் எந்தச் சர்வர் நீடிக்கலாம் என்று தீர்மானிக்க உதவும் ஓட்டிங் டிஸ்க்குக்கும் இதே கணக்கு உண்டு. பாதிக்கு மேற்பட்ட ஓட்டிங் டிஸ்க்குகளை எட்ட முடியாத சர்வர் கிளஸ்டரிலிருந்து வெளியேற்றப்படும். மூன்று டிஸ்க்குகளில் இரண்டு ஒரு கட்டடத்திலும் ஒன்று மறுகட்டடத்திலும் இருந்து, இரண்டு உள்ள கட்டடம் விழுந்தால், நல்ல நிலையில் இருக்கும் மறுகட்டடத்துச் சர்வர்களும் நின்றுவிடும். அதனால்தான் மூன்றாவதை மூன்றாம் இடமொன்றில் வைக்கிறார்கள். அதற்கு விலையுயர்ந்த சேமிப்பகம் வேண்டாம். நெட்வொர்க் வழியே கோப்பு பகிரும் சாதாரண என்எஃப்எஸ் சர்வரில் ஒரு சிறு கோப்பு போதும்.