மகன் கேட்கும் கிராபிக்ஸ் காட்: வாங்குமுன் ஒரு கணக்கு



எமது மாதாந்தப் பேச்சில் வீட்டுக்கடன், ஓய்வூதிய நிதி, வருமானவரி என்று பலதும் பேசி வந்திருக்கிறோம். இம்முறை சற்று வேறான விடயம். நிகழ்ச்சி முடிந்தபின் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்த ஒரு தாயார் கேட்டார்: "அண்ணை, மகன் கொம்பியூட்டருக்கு ஏதோ காட் ஒண்டு வேணுமெண்டு ஆயிரம் டொலருக்கு மேலே கேக்கிறான். இது அவசியச் சாமானோ, ஆசைச் சாமானோ?"

ஆசைச் சாமான்தான். ஆனால் ஆசைச் சாமானுக்கும் கணக்கு உண்டு. நாங்கள் அவுஸ்திரேலியாவுக்கு வந்த காலத்தில் ஒவ்வொரு டொலரும் இரண்டு வீடுகளுக்குப் பங்கிடப்பட்டது: இங்கே ஒன்று, ஊரில் ஒன்று. அந்தப் பழக்கத்தில் சில பெற்றோர் பொருள் என்னவென்று கேட்காமலே "வேண்டாம்" என்கிறார்கள். வேறு சிலர், பிள்ளையோடு நேரம் செலவிட முடியவில்லையே என்ற கவலையில், கேட்காமலே காசை எண்ணிக் கொடுக்கிறார்கள். இரண்டிலும் பேச்சு நடப்பதில்லை. பிள்ளையோடு இருந்து பேசுவதற்குத் தேவையான அளவு விபரத்தை இங்கே தருகிறேன்.

இந்த அட்டை என்ன செய்கிறது?

கணனித் திரையில் தெரியும் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. விளையாட்டு ஓடும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணித்து, ஒரு செக்கனுக்கு 60 தடவையோ அதற்கு மேலோ புதிய படம் வரைவது கிராபிக்ஸ் காட், அதாவது வரைகலை அட்டை. செக்கனுக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 17 மில்லிசெக்கன் மாத்திரமே.

இனிப் பெருக்கல். வழமையான திரை 1920 x 1080, அதாவது ஏறக்குறைய 20 இலட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். அடுத்த படி 2560 x 1440, இது 36 இலட்சத்து 86 ஆயிரம். 4 கே எனப்படுவது 3840 x 2160, 82 இலட்சத்து 94 ஆயிரம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் வேலை முக்கால் பங்கு கூடுகிறது. 4 கே திரைக்குப் போனால் நான்கு மடங்காகிறது. "பெரிய திரை வாங்கினேன், விளையாட்டு இழுபடுகிறது" என்று பிள்ளை சொல்வதில் பொய் இல்லை.

முதலில் திரையைப் பாருங்கள்

வீட்டில் உள்ள மொனிற்றர் 1080 என்றால், 4 கே விளையாட்டுக்கான அட்டையை வாங்குவதில் பெரிய பயன் இல்லை. நல்ல திரை இல்லாத வீட்டில், கொடுக்கும் பணத்தைத் திரைக்கும் அட்டைக்குமாகப் பிரித்தே யோசிக்க வேண்டும். மேசைக்கு முன் இருந்து விளையாடும் 27 அங்குலத் திரைக்கு 1440 என்பதே பெரும்பாலானவர்களுக்குப் போதுமான நடுவழி. வரவேற்பறையின் பெரிய ரி.வி.யில் இணைப்பவர்களுக்கு 4 கே பொருந்தும். ஆனால் அந்த ரி.வி.யின் எச்.டி.எம்.ஐ. துவாரம் 2.0 வகை என்றால் 4 கே படம் செக்கனுக்கு 60 தடவைக்கு மேல் போகாது. 120 வேண்டுமானால் 2.1 வகை தேவை.

பிழை அட்டையிலா, புரொசசரிலா?

காசு செலவில்லாத ஒரு பரிசோதனை உண்டு. மகனிடம் விளையாட்டின் செட்டிங்ஸில் திரைத் துல்லியத்தை ஒரு படி குறைக்கச் சொல்லுங்கள். செக்கனுக்கு வரும் படங்களின் எண்ணிக்கை நன்றாகக் கூடினால், தடையாக இருந்தது அட்டை. எண்ணிக்கை அசையவே இல்லை என்றால், தடை புரொசசரில் இருக்கிறது. அப்படியானால் ஆயிரம் டொலர் அட்டை போட்டாலும் வேகம் பெரிதாகக் கூடாது. புள்ளிகள் கூடும்போது சுமை ஏறுவது பெரும்பாலும் அட்டைக்கே, புரொசசருக்கு அல்ல. இந்தப் பரிசோதனையின் அடிப்படை அதுதான்.

பெயர் ஒன்று, பொருள் இரண்டு

கடையில் கூடிய கவனம் வேண்டிய இடம் இது. அட்டையில் அதற்கென்றே தனி நினைவகம் உண்டு. அது நிரம்பினால் படம் திடீரெனத் தடுமாறும், அல்லது தரம் குறையும். 2025 ஏப்ரலில் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ஆர்.ரி.எக்ஸ். 5060 ரி.ஐ. என்ற அட்டை 8 ஜிகாபைற், 16 ஜிகாபைற் என இரு வகையில் வந்தது. அமெரிக்க அறிமுக விலை முறையே 379, 429 டொலர். அதே ஆண்டு ஜூனில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.ரி. அட்டையும் 299, 349 டொலர் என இரு வகையாக வந்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் ஒன்றே. வித்தியாசம் 50 டொலர். 1440 திரைக்கு வாங்குபவர்கள் அந்த 50 டொலரை மிச்சம் பிடிக்கவேண்டாம்.

4 கே திரைக்கு 16 ஜிகாபைற்றைக் குறைந்த அளவாக வைத்துக்கொள்வது நல்லது. 2025 மார்ச்சில் 599 அமெரிக்க டொலருக்கு அறிமுகமான ஆர்.எக்ஸ். 9070 எக்ஸ்.ரி. அந்த அளவு கொண்டது. 2025 ஜனவரியில் 1,999 டொலருக்கு வந்த ஆர்.ரி.எக்ஸ். 5090 போன்றவை வேறு உலகம். இவை எல்லாம் அறிமுக விலைகள். 2025இன் கடைசி மாதங்களில் நினைவக விலை உலகெங்கும் ஏறியதால், கடை விலையை அன்றன்று பார்க்கவேண்டும்.

பிள்ளையின் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். 2019இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1660 போன்ற அட்டைகளில் ஒளிக்கதிர்களைக் கணிக்கும் தனிப்பகுதி கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ், 2025 மேயில் வந்த டூம் த டார்க் ஏஜஸ் ஆகிய விளையாட்டுகள் அந்தப் பகுதி இல்லாத அட்டைகளை ஏற்பதில்லை. "பழையது இனி வேலை செய்யாது" என்ற சொல் சில விளையாட்டுகளுக்கு உண்மையே.

பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண்கள்

டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர். என்ற சொற்களைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குறைந்த புள்ளிகளில் படத்தை வரைந்து, அதைக் கணித்துப் பெருப்பிக்கும் முறைகள் இவை. 4 கே திரையில் டி.எல்.எஸ்.எஸ். "குவாலிற்றி" தெரிவைப் போட்டால் அட்டை உண்மையில் வரைவது 1440 அளவிலான படத்தையே. கண்ணுக்கு வித்தியாசம் குறைவு, வேலை மிச்சம். எனவே நடுத்தர விலை அட்டையே பலருக்குப் போதும்.

இதற்கு அப்பால் இரண்டு படங்களுக்கு நடுவே கற்பனைப் படங்களைச் செருகும் முறையும் உண்டு. விளம்பரங்களில் "இரண்டு மடங்கு, நான்கு மடங்கு" என்பது பெரும்பாலும் இதுதான். படம் வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் விசையை அழுத்தியபின் விளையாட்டு பதில் சொல்லும் நேரம் அதனால் குறையாது. எங்கள் தொழிலில் கையில் வந்த காசும் கணக்குப் புத்தகத்தில் மட்டும் தெரியும் இலாபமும் வேறு. இங்கும் அப்படியே.

மறைந்திருக்கும் செலவுகள்

அட்டை மின்சாரம் குடிக்கும். ஆர்.ரி.எக்ஸ். 5060 ரி.ஐ. 180 வாற்று, அதற்கு என்விடியா பரிந்துரைக்கும் பவர் சப்ளை 600 வாற்று. ஆர்.ரி.எக்ஸ். 5070 அட்டைக்கு 250 வாற்று, 650 வாற்று பவர் சப்ளை. அலுவலகங்களில் கழித்து விற்கும் சிறிய கணனிகள் எம்மவர் வீடுகளில் நிறைய உண்டு. பலவற்றின் பவர் சப்ளைக்கு இந்தச் சக்தியும் இல்லை, அட்டைக்கான இணைப்பு வயரும் இல்லை, பெட்டிக்குள் இடமும் இல்லை. அட்டையின் நீளத்தையும் பெட்டியின் உள் நீளத்தையும் அளந்து பாருங்கள். மடிக்கணனி என்றால் பேச்சே வேண்டாம், பெரும்பாலானவற்றில் அட்டையை மாற்ற முடியாது.

பொருத்தியபின் மொனிற்றர் கேபிளை மதர்போட்டில் அல்ல, புதிய அட்டையில் செருகவேண்டும். "புது அட்டை வேலை செய்யவில்லை" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் இதைப் பாருங்கள்.

வருடக் கணக்கு

வர்த்தக வகுப்பில் படித்த பெறுமானத் தேய்வு இங்கே உதவும். ஓர் உதாரணம்: 700 டொலர் அட்டை, நான்கு வருடப் பாவனை, கடைசியில் 150 டொலருக்கு விற்கலாம் என்று வைப்போம். தேய்வு 550 டொலர், வருடத்துக்கு 137 டொலர் 50 சதம். வாரம் 10 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 520 மணி நேரம். பழைய அட்டையைவிட 130 வாற்று கூட எடுத்தால் 68 அலகு மின்சாரம்; அலகு 30 சதம் என்றால் 20 டொலர். மொத்தம் ஏறக்குறைய 158 டொலர், மணிக்கு 30 சதம். ஒரு சினிமா ரிக்கற்றோடு ஒப்பிட்டால் இது ஊதாரித்தனம் அல்ல. ஆனால் அதே அட்டையைக் கடனட்டையில் வாங்கி வட்டி கட்டினால் இந்தக் கணக்கு முழுவதும் குழம்பிவிடும்.

"வரியில் கழிக்கலாமா?" என்றும் கேட்பீர்கள். விளையாட்டுக்கு வாங்கியதைக் கழிக்க முடியாது. வீடியோ தொகுப்புப் போன்ற தொழிலுக்கும் உண்மையாகப் பயன்பட்டால் அந்தப் பங்கை மட்டும், ஆதாரத்தோடு கோரலாம்.

புதியதா, பாவித்ததா?

பாவித்த அட்டை மலிவு. ஆனால் 2016இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 10 வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான மென்பொருள் மேம்படுத்தலை என்விடியா 2025 ஒக்ரோபருடன் நிறுத்திவிட்டது. எனவே அவ்வளவு பழையது வேண்டாம். கடையில் வாங்கினால் 2011இலிருந்து நடைமுறையில் உள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் துணை நிற்கும். பொருள் நியாயமான காலம் உழைக்கவேண்டும் என்ற அந்த உரிமை உற்பத்தியாளரின் உத்தரவாதத்துக்கு மேலதிகமானது. தனியாரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். அவசரம் இல்லையென்றால் ஜூன் மாத நிதியாண்டு முடிவு விற்பனையும் நவம்பர் விற்பனையும் காத்திருக்கத் தக்கவை.

பிள்ளையிடம் கேட்க ஆறு கேள்விகள்

1. எங்கள் திரையின் அளவு 1080ஆ, 1440ஆ, 4 கேயா?
2. துல்லியத்தைக் குறைத்துப் பார்த்தாயா, வேகம் கூடியதா?
3. நீ கேட்கும் அட்டையின் நினைவகம் எத்தனை ஜிகாபைற்?
4. பவர் சப்ளை எத்தனை வாற்று, பெட்டிக்குள் அட்டை கொள்ளுமா?
5. பழைய அட்டையை என்ன விலைக்கு விற்கலாம்?
6. உன் பங்கு எவ்வளவு?

ஆறாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை கடையில் நின்று உழைக்கும் பிள்ளை மூன்றில் ஒரு பங்கைப் போட்டால், மற்றக் கேள்விகளுக்குத் தானே பதில் தேடிக்கொண்டு வரும். பதில் சரியாக வந்தால் மனமகிழ்ந்து வாங்கிக் கொடுங்கள். வராவிட்டால், "தேடிப்பார்த்துச் சொல், பிறகு கதைப்போம்" என்று சொல்லுங்கள். காரணம் தெரிந்த மறுப்பைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்.

அடுத்த மாதம் வேறொரு வீட்டுக் கணக்கோடு சந்திப்போம்.