காய்ச்சல்காரர் எந்த நாளில் ரத்தம் கொடுக்க வேண்டும்?

ஒரகடத்தில் ஒரு தொழிலாளி. இரவு ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்புகிறார். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. தலை பிளக்கிறது. மறுநாளே ஓடிப்போய் ரத்தம் கொடுக்கிறார். "உண்ணிக் காய்ச்சல் இல்லை" என்று சீட்டு வருகிறது. நிம்மதியாகப் படுத்துக் கொள்கிறார்.

அந்த நிம்மதிதான் அபாயம்!

வழக்கமாகச் செய்யும் 'எலிசா' சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருளைத்தான் தேடுகிறது. அது ரத்தத்தில் தென்பட 5 முதல் 7 நாள் ஆகும். இரண்டாம் நாள் "இல்லை" என்று வந்தால், "இன்னும் தெரியவில்லை" என்றுதான் அர்த்தம். கிருமியையே தேடும் பி.சி.ஆர். சோதனை முதல் வாரத்திலேயே உதவும். ஆனால் அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை.

பெயர்தான் உண்ணி. மாட்டின் மேல் ஒட்டும் பருத்த உண்ணி அல்ல இது. புதரில், எலிகளை அண்டி வாழும் மிக நுண்ணிய பூச்சியின் குஞ்சு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஆலைகள் எழும்பிவிட்டன. ஆனால் மதிலுக்கு வெளியே புதர் அப்படியே இருக்கிறதே! 2025 ஜனவரியில் பொது சுகாதாரத் துறை எச்சரித்த மாவட்டங்களில் காஞ்சீபுரமும் ஒன்று. மழையும் பனியும் சேரும் மாதங்களில்தான் இதன் தொல்லை அதிகம்.

ரத்தத்துக்கு முன் தோலைப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பில் பெல்ட் இறுகும் இடம். சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருக்கிறதா? அது வலிக்காது, அரிக்காது; நோயாளிக்கே தெரியாது. இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. எல்லோருக்கும் அது வருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

உண்ணியால் வரும் எல்லா நோய்க்கும் சோதனை செய்ய வேண்டுமா? வேண்டாம். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் தெரியவந்த குரங்குக் காய்ச்சலை நிஜ உண்ணிதான் பரப்புகிறது. அந்தப் பக்கத்துக் காடுகளுக்குப் போய் வராதவருக்கு அந்தச் சோதனை வீண் செலவு. எங்கே போனீர்கள், எங்கே படுத்தீர்கள் என்று டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லையா? சோதனைக்கு அதுதான் நேரம். மூச்சு வாங்கினாலோ, புத்தி தடுமாறினாலோ நாள் கணக்குப் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சந்தேகம் பலமாயிருந்தால் சீட்டு வரும்வரை டாக்டர்கள் காத்திருப்பதில்லை; 'டாக்சிசைக்ளின்' கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். விலை குறைந்த மாத்திரைதான். பென்சிலின் இந்தக் கிருமியிடம் பலிக்காது.

மருந்து தொடங்கிய இரண்டு நாளில் பெரும்பாலும் ஜுரம் இறங்கும். இறங்காவிட்டால் எலிக்காய்ச்சலா, டைபாய்டா என்று டாக்டர் வேறு பக்கம் தேடுவார்.