‘என்மேல் அன்பு இருக்கிறதா?’ என்று கேட்கலாமா?



“என்மேல ஏதும் கோபமா?” இப்படிக் கேட்காத மனைவி அரிது. கேட்க நினைத்து, வெட்கப்பட்டு விழுங்கிவிடும் கணவர்களும் உண்டு. கேட்டால் வரும் பதில்: “கோவில்ல ஃபாதர் முன்னாடி சம்மதம்னு சொன்னேனே, இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?” (நம்மையும் சாட்சிக்கு இழுத்துவிடுகிறார்கள்!)

இப்படிக் கேட்பதைப் பலவீனம் என்று எண்ணுகிறோம். மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தைகளைக் கவனித்தார். அம்மா சற்றுநேரம் வெளியே போய்த் திரும்பியதும், பாதுகாப்பாக உணரும் குழந்தை அவளிடம் ஒட்டிக்கொள்ளும், தேறும், மறுபடி விளையாடப் போய்விடும். காதலிலும் இதே பிணைப்பு செயல்படுகிறது என்று 1987-இல் சிண்டி ஹசானும் ஃபிலிப் ஷேவரும் எழுதினார்கள். ஆக, தேறுதல் தேடுவதில் குறையில்லை. தேறியபின் விளையாடப் போக முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். தம்மை மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம், அன்பு செய்கிறாயா என்று உயிர்த்த ஆண்டவர் மூன்று முறை கேட்கிறார். மூன்றாம் முறை பேதுருவுக்கு மனவருத்தம். ஆனாலும் ‘அதான் சொல்லிட்டேனே’ என்று முறைக்கவில்லை, மீண்டும் சொல்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். கேட்கும் முன்பே ஆண்டவர் கரிநெருப்பில் மீன் வைத்து, அப்பமும் கொடுத்துப் பசியாற்றிவிட்டார். கேட்டபின் நம்பி மந்தையை ஒப்படைக்கிறார். நான்காம் முறை கேட்கவில்லை.

நம் வீடுகளில் அந்த நான்காம் கேள்வியில்தான் சண்டை. செல்போனைத் திறந்து பார்ப்பது, ‘அம்மா வீட்டுக்குப் போறேன்’ என்று மிரட்டிப் பார்ப்பது, இவையெல்லாம் விசாரணை. என்ன பதில் வந்தாலும் அரைமணி நேரத்தில் பயம் மறுபடி கிளம்பும். அது ஓயவே இல்லையென்றால், உள்ளே பழைய காயம் ஏதாவது இருக்கலாம். இருவரும் ஆற்றுப்படுத்துநர் ஒருவரைப் பார்ப்பது நல்லது. ஆனால், துணைவர் உண்மையிலேயே ஏமாற்றியிருந்தால் கதை வேறு. அங்கே கேட்பவரைக் குறை சொல்லாதீர்கள். மறுதலித்தவர்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

கேட்கும் விதமும் உண்டு. “நீங்க என்னைக் கண்டுக்கிறதே இல்ல” என்று தொடங்கினால் எதிர்வழக்குத்தான் வரும். “இன்னைக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு, கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காருங்க” என்று சொல்லிப் பாருங்கள். பதில் சொல்பவர் டி.வி.யை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.