கடலூர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில், சிதம்பரத்தில் போனில் வராதது ஏன்? பாப்-லிருந்து ஐமேப்-க்கு மாறுவது எப்படி? முழு விளக்கம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜிஎஸ்டி பைலிங் செய்து தரும் ஒரு சின்ன ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளருக்கு வீடு சிதம்பரத்தில். தினமும் சுமார் 45 கிலோமீட்டர் போய் வருகிறார். ராத்திரி எட்டு மணிக்கு வாடிக்கையாளர் போன் செய்து, "போன மாசம் அனுப்பின பில்லைப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்கிறார். போனில் மெயிலைத் திறந்து தேடினால், கடந்த இரண்டு வார மெயில்தான் இருக்கிறது. அதற்கு முந்தையது எதையும் காணோம். காலையில் ஆபீஸ் போய் கம்ப்யூட்டரைத் திறந்தால், எல்லா மெயிலும் அங்கே பத்திரமாக இருக்கிறது.

போனில் கோளாறு இல்லை, நெட்வொர்க்கிலும் பிரச்னை இல்லை. அந்த மெயில் கணக்கு 'பாப்' முறையில் இயங்குகிறது என்பதுதான் காரணம். பழைய அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் பல வருடங்களாக மெயில் பார்க்கும் கடைகள், ஆடிட்டர் அலுவலகங்கள், பிரின்டிங் பிரஸ்கள் பலவற்றில் இன்றும் இந்த அமைப்பு இருக்கிறது. இதனால் வருவது வெறும் அசௌகரியம் மட்டும் அல்ல. கடலூர் மாதிரி அடிக்கடி வெள்ளம் பார்க்கும் ஊரில், பல வருட மெயில் மொத்தமும் ஒரே நாளில் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது.

பாப் என்றால் என்ன? ஐமேப் என்றால் என்ன?

நமக்கு வரும் மெயில் முதலில் சர்வரில் வந்து சேரும். அங்கிருந்து அதை நம் கம்ப்யூட்டரிலோ போனிலோ பார்க்க இரண்டு முறைகள் உள்ளன.

பாப் முறையில், மென்பொருள் சர்வரில் இருக்கும் மெயிலை நம் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிடும். பிறகு சர்வரில் இருக்கும் பிரதியை உடனேயோ சில நாள் கழித்தோ அழித்துவிடும். ஐமேப் முறையில், மெயில் சர்வரிலேயே இருக்கும். கம்ப்யூட்டர், போன், டேப்லெட் எல்லாம் அதே பெட்டியைத்தான் திறந்து காட்டும்.

இன்னும் எளிதாகச் சொன்னால், பாப் என்பது பேங்கில் இருக்கும் பணம் முழுவதையும் எடுத்து வந்து வீட்டு பீரோவில் வைப்பது மாதிரி. பீரோ இருக்கும் இடத்தில்தான் பணம் இருக்கும். ஐமேப் என்பது பணத்தை பேங்கிலேயே விட்டுவைப்பது. கடலூர் ஏடிஎம்மில் பார்த்தாலும் சிதம்பரம் ஏடிஎம்மில் பார்த்தாலும் ஒரே பேலன்ஸ்தான் காட்டும்.

அப்படியென்றால் பாப் எதற்கு வந்தது?

பாப் 1984ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்ட முறை. ஐமேப்பை 1986இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கினார். இரண்டுக்கும் இடையே இரண்டே வருட வித்தியாசம்தான். ஆனாலும் நம் ஊரில் பாப் அதிகம் பரவியதற்குக் காரணம் உண்டு.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் மூலம் வந்தது. போன் லைனில் டயல் செய்துதான் இணைய வேண்டும், ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. அதனால் இணைத்து, மெயிலை இறக்கி, உடனே லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பதுதான் சிக்கனம். சர்வரிலும் இடம் குறைவு. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடம் தருவதாகச் சொன்னபோது, அது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. அந்தக் காலத்துக்கு பாப் சரியான வழி. கையில் ஒரு போன், மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் ஒரு லேப்டாப் என்று ஆன பிறகு அது ஒத்துவரவில்லை.

'இரண்டு வாரம்' கணக்கு எப்படி?

அவுட்லுக், தண்டர்பேர்ட் இரண்டிலும் பாப் கணக்கு சேர்க்கும்போது, சர்வரில் உள்ள பிரதியை 14 நாள் கழித்து நீக்கும் வகையில்தான் வழக்கமாக செட்டிங் இருக்கும். அதனால்தான் சமீபத்திய மெயில் போனில் தெரிகிறது, பழையது தெரிவதில்லை. இன்னொன்றும் உண்டு. பாப் முறையில் நீங்கள் அனுப்பிய மெயில், எந்தக் கருவியில் இருந்து அனுப்பினீர்களோ அதில் மட்டும்தான் 'சென்ட்' பகுதியில் இருக்கும். போனில் இருந்து நீங்கள் அனுப்பிய பதில், ஆபீஸில் இருப்பவருக்குத் தெரியாது. அவரும் அதே வாடிக்கையாளருக்கு இன்னொரு பதில் அனுப்பிக்கொண்டிருப்பார்.

கடலூருக்கு இது ஏன் முக்கியம்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015 மழையில் கடலூர் மாவட்டம் மூழ்கியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையில் திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து, கடலூரில் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் புகுந்தது.

தரைத்தளத்தில், மேஜைக்கு அடியில் சிபியு வைத்திருக்கும் ஆபீஸ்களை நினைத்துப் பாருங்கள். முட்டளவு தண்ணீர் போதும். ஹார்டு டிஸ்க் போனால், பாப்பில் இறக்கிய மெயில் எல்லாம் அதோடு போய்விடும். சர்வரில் பிரதி இல்லாததால் யாரைக் கேட்டும் பயன் இல்லை.

அதில் இருப்பது சும்மா மெயில் இல்லை. இன்சூரன்ஸ் பாலிசி, வாங்கிய பொருளின் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில்தான் இருக்கும். வெள்ள நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் கேட்கும்போது தேவைப்படும் காகிதங்களும் அதே தண்ணீரில் போய்விடும். ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆவது பிரிவு, நோட்டீஸ் சேர்ப்பிக்கும் வழிகளில் ஒன்றாக, பதிவு செய்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதையும் ஏற்கிறது. மழையால் பத்து நாள் ஆபீஸ் திறக்க முடியாமல் இருக்கும்போது, அந்த மெயில் சிதம்பரத்தில் இருப்பவர் போனில் வந்தால்தானே பதில் சொல்ல முடியும்?

யார் மாற வேண்டும்? யாருக்குத் தேவையில்லை?

போனில் ஜிமெயில் ஆப் மூலம் ஜிமெயில் முகவரியை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் பிரச்னையே இல்லை. அவர்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

கம்ப்யூட்டரில் அவுட்லுக், தண்டர்பேர்ட் பயன்படுத்துபவர்களும், சொந்த இணையதளப் பெயரில் கம்பெனி மெயில் வைத்திருப்பவர்களும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. கிளாசிக் அவுட்லுக்கில் 'பைல்' மெனுவில் 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' திறந்தால், முகவரிக்குப் பக்கத்தில் பாப் அல்லது ஐமேப் என்று இருக்கும். தண்டர்பேர்டில் 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' உள்ளே 'சர்வர் செட்டிங்ஸ்' பார்த்தால் முதல் வரியிலேயே தெரியும்.

கூகுள் என்ன மாற்றம் செய்கிறது?

சிலர் கம்பெனி மெயிலை ஜிமெயில் இணையப் பக்கத்துக்குள்ளேயே வரவழைத்துப் படிக்கிறார்கள். 'மற்ற கணக்குகளின் மெயிலைப் பார்' என்ற அந்த வசதி, பாப் வழியாகத்தான் வேலை செய்கிறது. 2026 ஜனவரி முதல் இதற்கான ஆதரவை நிறுத்துவதாக கூகுள் அறிவித்தது. ஏற்கெனவே ஜிமெயிலுக்குள் வந்துவிட்ட மெயில் அப்படியே இருக்கும். புதிய மெயிலுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, போனில் உள்ள ஜிமெயில் ஆப்பில் கம்பெனி முகவரியை ஐமேப் கணக்காகச் சேர்ப்பது. இன்னொன்று, கம்பெனி மெயில் சர்வரிலேயே ஜிமெயிலுக்கு 'ஃபார்வர்டு' போடுவது.

மாற்றுவது எப்படி?

பாப் கணக்கை ஒரே பட்டனில் ஐமேப் ஆக்கும் வசதி அவுட்லுக்கிலும் இல்லை, தண்டர்பேர்டிலும் இல்லை. புதிதாக ஐமேப் கணக்கு சேர்த்து, பழைய மெயிலை அதற்குள் கொண்டுபோக வேண்டும். வரிசை மாறாமல் செய்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

1. முதலில் பிரவுசரில் மெயிலைத் திறந்து பாருங்கள். பழைய மெயில் அங்கே இருந்தால் வேலை பாதி முடிந்தது. ஜிமெயிலில் பாப் பயன்படுத்தினாலும் பல நேரம் அசல் பிரதி அங்கேயே இருக்கும். அங்கே இல்லையென்றால், கம்ப்யூட்டரில் இருப்பதுதான் ஒரே பிரதி.

2. அந்தப் பிரதியை பேக்கப் எடுங்கள். அவுட்லுக்கில் மெயில் எல்லாம் 'பிஎஸ்டி' என்ற ஃபைலில் இருக்கும். பெரும்பாலும் 'டாகுமென்ட்ஸ்' உள்ளே 'அவுட்லுக் பைல்ஸ்' ஃபோல்டரில் அது கிடைக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டு, அதை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். தண்டர்பேர்டில் 'புரொஃபைல்' ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்ய வேண்டும். இந்தப் படியை முடிக்காமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள்.

3. சர்வரில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயிலில் இலவசமாக 15 ஜிபி. டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்ந்தே அந்த அளவு. கம்பெனி மெயிலுக்கு எவ்வளவு இடம் என்று மெயில் சேவை தரும் நிறுவனத்திடம் கேளுங்கள். 1 ஜிபி பெட்டிக்குள் 8 ஜிபி மெயில் போகாது.

4. பழைய பாப் கணக்கு தானாக மெயில் இறக்குவதை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால், நீங்கள் ஒரு பக்கம் மாற்றிக்கொண்டிருக்க, அது இன்னொரு பக்கம் புது மெயிலை இழுத்துக்கொண்டிருக்கும்.

5. அதே முகவரியை ஐமேப் கணக்காகச் சேருங்கள். ஜிமெயிலுக்கு சர்வர் பெயர் 'ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம்', போர்ட் எண் 993, பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் 2025 ஜனவரியில் இருந்து ஐமேப் எப்போதும் ஆனில்தான் இருக்கிறது, தனியாக ஆன் செய்ய வேண்டாம். சில அவுட்லுக் பதிப்புகள் ஒரே முகவரியை இரண்டாவது தடவை சேர்க்க விடாது. அப்போது பழைய கணக்கை நீக்கிவிட்டுச் சேர்க்கலாம். பேக்கப் கையில் இருந்தால் மட்டும்.

6. பழைய மெயிலைப் புதிய கணக்குக்குள் காப்பி செய்யுங்கள். 2019, 2020 என்று ஆண்டு வாரியாக ஃபோல்டர் போட்டு, சில நூறு மெயில்களாக ஏற்றுங்கள். 'மூவ்' வேண்டாம், 'காப்பி' போதும். நடுவில் கரன்ட் போனாலும் அசல் அப்படியே இருக்கும். கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்குகளில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பி வரைதான் ஏற்ற முடியும். அந்தக் கணக்கில் 4 ஜிபி மெயிலுக்கு எட்டு நாள் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம்.

7. போனிலும் சேருங்கள். ஆண்ட்ராய்டு ஜிமெயில் ஆப்பில் 'அட் அனதர் அக்கவுன்ட்', பிறகு 'அதர்' போனால், பாப், ஐமேப் இரண்டில் எது என்று கேட்கும். ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள்.

8. ஒரு வாரம் பொறுங்கள். போனில் இருந்து ஒரு மெயில் அனுப்பி, அது கம்ப்யூட்டரின் 'சென்ட்' பகுதியில் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பழைய பாப் கணக்கை நீக்கிவிடலாம்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஏற்க மாட்டேங்குதா?

பழைய மென்பொருளில் சாதாரண பாஸ்வேர்டு மட்டும் போட்டு நுழைவதை, தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே இறுதியில் நிறுத்திவிட்டது. 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' ஆன் செய்து, 'ஆப் பாஸ்வேர்டு' என்ற 16 எழுத்து பாஸ்வேர்டை உருவாக்கிப் போட வேண்டும். யாராவது போன் செய்து, "மெயில் செட் பண்ணித் தர்றேன், ஓடிபி சொல்லுங்க" என்றால் சொல்லாதீர்கள்.

கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்கள்

ஐமேப்பில் போனில் ஒரு மெயிலை அழித்தால், எல்லா இடத்திலும் அழியும். எந்த ஏடிஎம்மில் எடுத்தாலும் பேலன்ஸ் குறைவது மாதிரிதான். 'ஆபீஸ்ல ஒரு காப்பி இருக்குமே' என்ற பழைய பழக்கத்தில் அழிக்க வேண்டாம்.

ஐமேப் மெயிலை மட்டும்தான் ஒத்திசைக்கும். அவுட்லுக்கில் சேமித்த தொடர்பு எண்கள், காலண்டர் குறிப்புகள் அதோடு போகாது. அவற்றைத் தனியாக 'எக்ஸ்போர்ட்' செய்து வைக்க வேண்டும்.

பெட்டி நிரம்பினால் புது மெயில் வராமல் திரும்பிப் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடத்தைச் சோதித்து, பழைய பெரிய மெயில்களை ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அந்த ஹார்டு டிஸ்க்கும் கடலூர் ஆபீஸிலேயே இருக்க வேண்டியதில்லை. சிதம்பரம் வீட்டில், தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரில் தொடங்கும். அதற்குள் செய்து முடித்துவிடுவது நல்லது.